தொட்டி மரம்

என் சித்தியைப் பண்ணையில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் கிறிஸ்துமஸ் மரங்களை வெட்டி வடிவமாக்கியவள். கோடை முழுக்க நீண்ட கத்திரியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் சுற்றி வந்து, நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை நறுக்குவாள். ஏழெட்டுக் கோடை அப்படிச் செய்தால்தான் ஒரு மரம் மேலே கூராகவும் கீழே அகலமாகவும் விற்பனைக்குத் தேறும். அந்தப் பட்டப்பெயருக்கு அவளுடைய வாயும் ஒரு காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கன்று நட வரிசைக்குக் கயிறு கட்டிய மேஸ்திரியிடம், "நீங்க பிடிச்ச கயித்துல நட்டா மரத்துக்கே தலை சுத்தும்" என்றவள். சித்தப்பா அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து இவளே பேசினாள். அவர் காலமான பிறகு எங்களுக்கு அடுத்த வீட்டில், இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். பிள்ளைகள் இல்லை.

பண்ணையில் முன்பெல்லாம் வெட்டின மரம் மட்டும்தான். அடியோடு அறுத்து, வலையில் சுற்றி, வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வாங்கினவர்கள் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து தூக்கிப் போடுவார்கள். அப்புறம் ஜனங்கள் வேரோடு கேட்க ஆரம்பித்தார்கள். பண்டிகை முடிந்ததும் தோட்டத்தில் நட்டுவிடலாம், ஒரு உயிரைக் கொன்ற பாவம் வேண்டாம் என்று.

அதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு வருடம் முன்பே மரத்தைச் சுற்றி மண்ணில் மண்வெட்டியை இறக்கி, வேர்களைக் கொஞ்சம் வெட்டி விட்டு, உள்ளே புது வேர் விட்டபின், மண் உருண்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விற்காமல் நின்ற சின்ன மரங்களைப் பிடுங்கச் சொன்னார். வேர் தொட்டியில் அடங்கவில்லை என்றதும் ரம்பத்தைக் கொடுத்தார். கட்டைவிரல் தடிமன் வேர்களைச் சித்திதான் அறுத்தாள். மேலே மண்ணைப் போட்டு அமுக்கிவிட்டால் பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஊசியிலை குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். செத்துப்போனது தெரியவே நாலு மாதம் ஆகும்.

ஒவ்வொரு தொட்டியிலும் முதலாளி ஒரு சீட்டு ஒட்டினார். 'வீட்டுக்குள் ஏழு நாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது' என்று அதில் அச்சடித்திருந்தது. யார் வீட்டில் ஏழாம் நாளே மரத்தை வெளியே எடுக்கிறார்கள்? யாராவது திரும்பி வந்து கேட்டால் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். வாங்க வந்தவர்களிடம் வேரைப் பற்றி வாய்விட்ட ஒருத்தரை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சித்திக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது.

பண்டிகைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் சீருடையோடு வந்திருந்தார். வெட்டின மரமே போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காதில் வாங்காமல் தொட்டிகளின் பக்கம் போனாள். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் நின்று, கையைத் தன் நெஞ்சுக்குக் கீழே ஒரு உயரத்தில் வைத்துப் பார்த்தாள். ஐந்தாவது மரம் அந்த உயரத்துக்குச் சரியாக இருந்தது. கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

சித்திக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் டிரைவரே அவளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். ஆறு வயதுப் பெண். ஒரே பெண். மூளைக் காய்ச்சல், மூன்றே நாள், போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏதாவது நடலாம் என்று இவள் பிடிவாதமாக இருக்கிறாள், அதுவும் பட்டுப்போனால் இவள் தாங்கமாட்டாள், அதனால்தான் வெட்டினதே போதும் என்கிறேன் என்றார்.

அதற்குள் அவர் மனைவி கிட்டே வந்துவிட்டாள்.

"இன்னொன்னத் தூக்கிப் போட என்னால முடியாது" என்று கணவனிடம் சொன்னாள். பிறகு சித்தியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. இது பிழைக்குமா?"

வலை சுற்றும் எந்திரத்தின் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"நல்லா வரும்மா" என்றாள் சித்தி.

மரத்தைக் காரில் ஏற்றிக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் பெண் பின்சீட்டில் உட்கார்ந்து, தொட்டி சாயாமல் கையால் அணைத்துக்கொண்டு போனாள். சித்தி அன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேசாமல் சாப்பிட்டாள். பல்வலியா என்று அம்மா கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள்.

குளிர் விட்டு, மரங்களெல்லாம் துளிர்க்கிற சமயத்தில் டிரைவர் மட்டும் வந்தார். காரின் பின்பக்கத்தில் அதே மரம் கிடந்தது. அடியிலிருந்து நுனிவரை பழுப்பு. தொட்டால் ஊசிகள் கொட்டின. மண்ணோடு நட்டதை மண்ணோடே எடுத்து, பழைய தொட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சண்டை போட வரவில்லை, பணத்தையும் கேட்கவில்லை. எங்கே தப்புப் பண்ணினோம் என்று தெரிந்தால் போதும் என்றார்.

"உள்ள எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"பன்னெண்டு நாள். வெளியில குளிருதுன்னு அவ எடுக்க விடல."

"அதான் சார். சீட்டுலயே போட்டிருக்கோமே."

டிரைவர் தலையை ஆட்டினார். தீர்ப்பைக் கேட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம் என்று சித்தி பின்னால் சொன்னாள். அவர் காரை நோக்கி நடந்தபோது, இவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். மரத்தின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் தொட்டியிலிருந்து உருவினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்தது வட்டம் வட்டமாக அறுபட்ட நாலைந்து முண்டு வேர்கள்தான். ஒரு புது நரம்பு கூட விடவில்லை.

"பாருங்க. இது ரம்பம் அறுத்தது. உங்க வீட்டுக்கு வரும்போதே செத்த மரம்தான். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"யார் அறுத்தது?"

"நான்தான்."

முதலாளி ஓடி வந்து ஏதோ சொன்னார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதும் அதில் இருந்தது. டிரைவர் அவர் பக்கமே திரும்பவில்லை. அந்த வேர்களைப் பார்த்துவிட்டு, "இத அவகிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றார். குரல் உயரவில்லை.

சித்தி அப்படியே மரத்தோடு அவர் காரில் கிளம்பிப் போனாள். மனைவி கதவைத் திறந்தபோது, சித்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். சித்தி உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே மரத்தைத் திருப்பி வேரைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பெண் குனிந்து அறுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது பழுக்க ஆரம்பிச்சதிலேருந்து தினமும் இதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்" என்றாள். "தண்ணி அதிகமாயிடுச்சோ, கம்மியாயிடுச்சோன்னு. எம்பொண்ணையும் இப்படித்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு."

நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் உயரம் பார்த்தேனே. நீங்க பார்த்துட்டுத்தானே நின்னீங்க?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சொன்னீங்க?"

"ஆமா. பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

கதவு சாத்திக்கொண்டது. அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே பாத்திரம் ஒன்று சுவரில் மோதுகிற சத்தமும், தொடர்ந்து பெரிய குரலில் அழுகையும் கேட்டது. டிரைவர் சித்தியைத் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. நடந்தே வந்தாள்.

அம்மா அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு, மூட வேண்டிய நேரத்தில் திறந்தாயே என்றாள். சித்தி மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்து, பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே யாரும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. வைக்கும்படி அவள் ஒன்றும் பேசியதில்லை.

பண்ணை அடுத்த வருடமும் தொட்டி மரங்களை விற்றது. ரம்பம் வேறொருத்தி கைக்குப் போனது, அவ்வளவுதான்.

டிரைவரை ஒரே ஒருமுறை பார்த்தாள். சலவைக் கூடத்திலிருந்து வரும்போது, அவர் ஓட்டி வந்த பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போனவளிடம் அவராகவே பேசினாராம். நீங்கள் வந்து போன அன்று சாயங்காலம் மனைவி உங்களை வாய் ஓயாமல் சபித்தாள், அப்புறம் மகள் போனதிலிருந்து முதல்முறையாக ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டாள் என்றாராம். இப்போதும் சபிக்கிறாளா என்று சித்தி கேட்டாள்.

"சபிக்கிறா" என்றார் அவர். "தினமும்."

"சபிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.