சம்பந்திக்குக் காட்டிய கடல்

பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கடல் இருந்தது. பல கோடி வருடங்களுக்கு முன்னால் போய்விட்டது, அவ்வளவுதான். அது விட்டுப்போன இடம் மழை அறுத்துப் போட்ட களிமண் மேடும் பள்ளமுமாக ஊருக்கு வெளியே கிடக்கிறது. குனிந்தால் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, ஆடுகூட மேயப் போகாது. ஆனால் எங்கள் அப்பாவுக்கு அதுதான் மெரினா.

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்குள் அங்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விட்டதில்லை. "தஞ்சாவூர்க்காரனுக்குக் கோயிலு, நமக்குக் கடலு" என்று பெருமை வேறு. நிஜக் கடலில் ஒருநாள் கால் நனைத்திருப்பாரா மனுஷன்? கிடையாது.

எனக்கு நிஜக் கடல்தான் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வரன் வந்தபோது எல்லோரும் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்தார்கள். நான் அவர் போனில் அனுப்பிய வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அலை தெரியும். சிமெண்டு லாரிப் புழுதியில் வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

பெண் பார்க்க வரும் அன்றைக்காவது அப்பா வாயைத் திறக்கக்கூடாது என்று சிறுவாச்சூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கும். கேசரி தட்டில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சம்பந்தி, வாங்க, எங்க கடலப் பாத்துட்டு வந்துடலாம்."

இன்னும் தட்டுகூட மாற்றவில்லை, அதற்குள் சம்பந்தி! மாப்பிள்ளையின் அம்மா உச்சி வெயிலில் பட்டுப்புடவையோடு அந்தப் பள்ளத்தில் இறங்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையிலடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அப்பா ஒரு நத்தைக்கல்லை எடுத்து அவர் கையில் வைத்தார். "உங்க கடலெல்லாம் நேத்து வந்ததுங்க. எங்க கடலு வந்து, இருந்து, போயே போயிருச்சு!"

அந்த அம்மா கல்லைப் பார்க்கவில்லை. சுற்றிலும் மேடுகளைப் பார்த்தார்.

"இனி திரும்பி வராதுல்ல அண்ணே?"

"எங்கேருந்துங்க வர்றது!" அப்பா சிரித்தார்.

"மீன் வாங்கிட்டு வரேன்னு போனான் என் மூத்தவன். சுனாமி அன்னிக்கு. இப்ப இவனும் அந்தக் கரையோரமாத்தான் வேலைக்குப் போயிட்டு வரான். இவன் வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

இன்னொரு கல்லை எடுக்கக் குனிந்த அப்பா அதை அப்படியே கீழே போட்டார்.

"பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆனா ரெண்டு பேரும் இந்தப் பக்கமே இருந்துக்கணும்."

கூடவே இறங்கி வந்திருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மொட்டை மாடி, அலை எல்லாம் அந்தப் பள்ளத்திலேயே போயிற்று. நான் சரியென்று தலையாட்டினேன்.

இப்போது அவருக்கு அரியலூரில் வேலை, அங்கேயே வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் லாரி. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மகன் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், அதற்குள் அந்த அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.