லாபம் வந்ததற்கு ஒரு விளக்கக் கடிதம்

மணிலாவில் நான் வேலை பார்த்த நிதி நிறுவனத்தில், ஹெர்மினியா மக்காராயெக் எனக்கு அடுத்த மேசை. சொந்தமாக எதையும் யோசிக்காமலிருப்பதுதான் அவளுடைய வேலை. பங்குச்சந்தைக் குறியீட்டில் எந்தக் கம்பெனி எவ்வளவு இருக்கிறதோ, எங்கள் நிதியிலும் அதே அளவு இருக்க வேண்டும். குறியீடு ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். சந்தை கால்வாசி சரிந்த வருஷம் எங்கள் நிதியும் அச்சுப் பிசகாமல் கால்வாசி சரிந்தது. ஹெர்மினியாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நாங்களும் கைதட்டினோம்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, குறியீட்டில் புதிதாக ஒரு சிமென்ட் கம்பெனி சேர்ந்தது. அன்றைய கடைசி விலைக்கே அதை வாங்கியாக வேண்டும். வெளியே புயல் மழை. சந்தை முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது தரகர் அலுவலகத்தோடு இருந்த இணைப்பு அறுந்தது. போனையும் யாரும் எடுக்கவில்லை. பங்கை வாங்க முடியாமலே சந்தை முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

திங்களன்று அந்தப் பங்கு எட்டு சதவீதம் விழுந்தது. அந்த விலைக்கு வாங்கினாள். நிதி குறியீட்டை முந்திவிட்டது.

மேலாளர் வில்ஃப்ரெடோ அவளைக் கூப்பிட்டார்.

"குறியீட்டுலேர்ந்து ஏன் விலகிச்சுன்னு எழுதிக் கொடும்மா."

"லாபந்தானே சார் வந்திருக்கு?"

"அதான் வம்பு. நஷ்டம்னா மழை மேல பழியப் போடலாம். லாபம்னா நீயா யோசிச்சு வாங்கினேன்னுல்ல நினைப்பாங்க."

வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டும் அவள் கணவன் நெஸ்தோர் எட்டிப் பார்த்தான்.

"அதிகமா சம்பாதிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டா எழுதுற?"

"சும்மா இரு. 'இனி நடக்காது'ன்னு போடணுமா, 'நடக்க விடமாட்டேன்'னு போடணுமா?"

கடிதம் போயும் பயனில்லை. எங்களிடம் பெருந்தொகை போட்டிருந்த ஆசிரியர் ஓய்வூதிய வாரியம், அதை எடுத்துப் பக்கத்துத் தெரு நிறுவனத்தில் போட்டது. அந்த நிதி வருஷா வருஷம் குறியீட்டுக்கு ஒரு சதவீதம் பின்தங்கும். தவறாமல் அதே ஒரு சதவீதம். அதை நம்பித் திட்டம் போடலாம், உங்களை எப்படி நம்புவது என்று வாரியத்து அதிகாரி மரியாதையாகவே கேட்டாராம்.

ஆறு மாதத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களே அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய்ச் சேர்ந்தாள். இப்போது ஒவ்வொரு வருஷமும் சரியாக ஒரு சதவீதம் பின்தங்குகிறாள். எங்களிடம் வாங்கியதைவிட அங்கே சம்பளம் கூடுதல்.