அழியாமல் நின்ற பேச்சு

போன மாதம் இறந்துபோன என் அண்ணன் பிலவேந்திரனை அதியமான்கோட்டையில் மைக் செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். அதோடு ஊர்ப் பெண்களுக்குக் கேசட்டும் பதிந்து கொடுத்தார்.

எண்பத்திரண்டு வாக்கில் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். எழுதத் தெரியாத மனைவிகள் கடிதத்துக்காக யாரிடமாவது போய் நிற்க வேண்டும். குடும்ப விஷயமெல்லாம் எழுதுகிறவர் காதில் விழும். அண்ணன் அவர்களைக் கடையின் பின்னறையில் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்காரவைத்து, பட்டனை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றுவிடுவார். பதிந்ததைப் போட்டுக் கேட்கவே மாட்டார்.

“தூரமா போங்கண்ணா, இன்னிக்கு எங்க வூட்டுக்காரரைத் திட்டப் போறேன்” என்பாள் மஸ்கட் போயிருந்த முனிராஜின் மனைவி கோவிந்தம்மாள்.

“சத்தமாவே திட்டும்மா, மைக்கு பழசு.”

வேளாங்கண்ணி கம்பைநல்லூரிலிருந்து எங்கள் ஊர்ச் சவரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான சில மாதங்களில் சவரியும் மஸ்கட் போய்விட்டான். அவளுக்குச் சிறுவயது முதலே வலிப்பு வரும். பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டார் அதை மறைத்துவிட்டார்கள். புருஷனிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் பின்னறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இத அனுப்ப வேணாங்கண்ணா, அழிச்சிடுங்க. அவரு வரட்டும், நேர்ல சொல்லிக்கறேன்.”

“சரிம்மா. இதுமேல வேற யாராவது பேசினா தானா அழிஞ்சிடும்.”

அண்ணன் அந்தக் கேசட்டை முதலுக்குச் சுற்றிவைத்தார். அதில் அடுத்துப் பேசியவள் கோவிந்தம்மாள். வழக்கமாக அவளுக்குக் கேசட் போதாது. அன்று புருஷன் மேல் நிஜமாகவே கோபம். இரண்டு வார்த்தையோடு வெளியே வந்துவிட்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டே கேசட்டை உறையில் போட்டு ஒட்டினார். ஒருமுறை ஓடவிட்டிருந்தால், அவள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு வேளாங்கண்ணியின் பேச்சு அப்படியே இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் அதற்குக் கோவிந்தம்மாள் பேசியதையும் கேட்க வேண்டும். அதனால் ஓடவிடவில்லை.

மஸ்கட்டில் முனிராஜும் சவரியும் ஒரே அறை. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே கேசட் கேட்டிருக்கிறார்கள். கோவிந்தம்மாள் பேசி முடித்தபின் யாரும் எழுந்து கை கழுவிவிட்டு வந்து அதை நிறுத்தவில்லை. வேளாங்கண்ணியின் குரல் வந்தது. வலிப்பைப் பற்றியும், பெற்றவர்கள் மறைத்ததைப் பற்றியும், தன்னைக் கைவிட்டுவிட வேண்டாம் என்றும் அவள் சொல்லி அழுததைச் சவரியோடு சேர்ந்து அத்தனை பேரும் கேட்டார்கள்.

செய்தி ஊருக்கு வந்ததும் மாமியார் அவளைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பஸ் ஏறுமுன் பையோடு கடைக்கு வந்தாள்.

“நான் ஒரு வார்த்தை கேக்கலம்மா, மாதா மேல ஆணையா” என்றார் அண்ணன்.

“கேட்டிருக்கலாங்கண்ணா. நீங்க ஒருத்தரு கேட்டிருந்தா, அத்தன பேரு கேட்டிருக்க மாட்டாங்க.”

சவரி லீவில் வந்தபோது அண்ணன் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

“வலிப்பு கெடக்குதுண்ணா. எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்திருப்பேன். சோத்துத் தட்டோட எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. அத எங்க கொண்டுபோயி அழிக்கறது?”

கடைசிவரை அவன் அவளை அழைத்து வரவில்லை. அண்ணன் கேசட் பதிவதை விட்டுவிட்டார். யாராவது வந்து கேட்டால், மெஷின் ரிப்பேர் என்பார். கம்பைநல்லூரில் கல்யாணம் என்றால் மைக் செட் கட்ட ஆளை அனுப்புவாரே தவிர, தான் போகமாட்டார்.

போன மாதம் அண்ணன் அடக்கத்துக்கு வேளாங்கண்ணி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்லீங்க, தெரிஞ்சா செஞ்சாரு?” என்றாள். இதை அவர் இருக்கும்போதே ஒருமுறை வந்து சொல்லியிருக்கலாமே என்று மனதுக்குள் நினைத்தேன். இந்த ஊரில் வந்து இறங்க அவளுக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.