இன்ஸ்பெக்டருக்கு வெள்ளைப்புள்ளி

பூதக்கண்ணாடியை மீன் தொட்டியில் ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாஸ்டர் ஒரு மீனின் உடம்பிலுள்ள புள்ளிகளை எண்ணுகிறார். மீன் நகர்ந்துவிடுகிறது. "ஒரு நிமிஷம் நில்லுங்க சார்!" என்கிறார். மீன் நிற்கவில்லை. பல் துலக்காத வாயும் பின்பக்கம் ஓட்டை விழுந்த பனியனுமாக, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். எதிர் வீட்டுக் கதவு திறந்தே கிடப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. திறந்து போட்டால் பார்க்கத்தான் செய்வேன்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் உட்காருகிற பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கையில் ஸ்டியரிங், இவர் காலடியில் எல்லோருடைய உயிர். ஒரு தடவை டாக்டர் வீட்டுக்குப் போக என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஓட்டியது பேங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண். தெருமுனையில் ஒரு நாய் எங்களைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். மாஸ்டர் மிதித்த மிதியில் என் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"நாய் அங்கதானேப்பா நிக்குது!" என்றேன், பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்டு.

"குறுக்க வரலாமான்னு யோசிக்குதுக்கா அது. மூஞ்சிலயே தெரியுது."

வேலை முடிந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் மிதிக்கும். டிவியில் ஒரு கார் பள்ளத்தில் உருண்டால் டீப்பாய் நகரும். "தூக்கத்துலயும் மிதிக்கிறாருக்கா. நான் என்ன பிரேக்கா?" என்று அவர் பெண்டாட்டி என்னிடம் முழங்காலைக் காட்டியிருக்கிறாள்.

தொட்டி அவளுடையது. ஆசை ஆசையாக வாங்கி, கூழாங்கல் பரப்பி, ஒரு பிளாஸ்டிக் கோட்டையும் வைத்து, வண்ண மீன்களை விட்டாள். மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பும்போது வாசலில் என்னைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு புருஷனுக்குப் பாடம் எடுத்தாள். "காலைல ஒரு சிட்டிகை தீனி. அதோட சரி. வேற எதுலயும் கை வைக்காதீங்க. நான் வர்றப்ப என் மீனுங்க எனக்கு இருக்கணும். செடிய சாகடிச்ச மாதிரி பண்ணிடாதீங்க."

செடி கதை எனக்குத் தெரியும். மணிபிளாண்ட். யார் வீட்டிலும் சாகாத செடி. இவர் வீட்டில் செத்தது. வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் அது என்னதான் செய்யும்?

மீன்களில் ஒன்றுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். தட்டையாக, முக்கோணமாக, வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்டது. அவளுக்கு அதுதான் செல்லம். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வருகிற இன்ஸ்பெக்டரும் இப்படித்தான் வாயைப் பிதுக்கிக்கொண்டு மேலும் கீழும் பார்ப்பாராம். அதனால் மாஸ்டர் அந்த மீனுக்கு மரியாதை குறையாமல்தான் பேசுவார்.

இத்தனை மரியாதை வைத்தவர்தான் அதற்கு வியாதியையும் வாங்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டி ஊருக்குக் கிளம்பிய அதே வாரம், "சார் தனியா இருக்காரு, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்" என்று அதே ஜாதியில் இன்னொரு மீனை வாங்கி வந்து, பையோடு தலைகீழாகத் தொட்டியில் கொட்டினார். துணைக்கு வந்தது ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. போகிற போக்கில் தன் சொத்தை இன்ஸ்பெக்டருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மறுநாள் இன்ஸ்பெக்டரின் செதிளிலும் வாலிலும் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டது, அரிப்பெடுத்த எருமை மாதிரி.

அன்றிலிருந்து மாஸ்டரின் கை தொட்டியை விட்டு வெளியே வரவில்லை. பாதித் தண்ணீரை மொண்டு கொட்டினார். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினார். கோட்டையைப் பிடுங்கித் தேய்த்தார். இன்ஸ்பெக்டரை வலையில் பிடித்து வாளியில் விட்டார். வாளியில் முகம் வாடுகிறது என்று திரும்பத் தொட்டியில் விட்டார். என் வீட்டுக்காரர் கடைசியாகப் படுத்துக்கிடந்தபோது டாக்டர்கள் கூட அவரை இத்தனை தடவை தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு நீல மருந்து வந்தது. தொட்டியில் விழுந்ததை விட மாஸ்டர் மேல் விழுந்தது அதிகம். விரல் நீலம், பனியன் நீலம், சொறிந்துகொண்ட மூக்கு நீலம். பேங்க் பெண் வண்டி ஓட்டிவிட்டு இறங்கியபோது அவள் உள்ளங்கையும் நீலம். ஸ்டியரிங்கிலிருந்து ஏறியிருக்கிறது.

காலையில் மருந்து விட்டால் மை போலிருக்கும் தண்ணீர், சாயங்காலம் பளிச்சென்று தெளிந்துவிடும். "பாத்தீங்களாக்கா? மருந்து வேலை செஞ்சு முடிச்சிடுச்சு!" என்று மாஸ்டர் குதிப்பார். புள்ளி மட்டும் கூடிக்கொண்டே போனது. இன்ஸ்பெக்டர் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் தொங்கியது.

பெண்டாட்டி வீடியோ காலில் மீன்களைக் காட்டச் சொல்வாள். மாஸ்டர் மற்ற மீன்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். போனை அவ்வளவு நளினமாக வளைத்து இன்ஸ்பெக்டரைத் தவிர்ப்பார்.

"இன்ஸ்பெக்டர் எங்க?"

"கோட்டைக்குப் பின்னால. டியூட்டில இருக்காரு."

"உங்க மூக்குல என்ன?"

"நிழல்."

அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றதும் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். நாற்காலி உறை நீலமானது.

"எதுக்குப்பா இந்தப் பாடு? அதை எடுத்துப் போட்டுட்டு, அதே மாதிரி ஒண்ணு வாங்கி விடு. அவளுக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

"என்னக்கா பேசறீங்க! கல்யாண வீட்டுக் கூட்டத்துல பின்தலைய வச்சே என்னைக் கண்டுபிடிக்கறவ. மீன் மூஞ்சி தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணிமையும் நீலமானது. "என்னை நம்பி விட்டுட்டுப் போனாக்கா. ஒரே ஒரு தடவ நம்பினா."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அழுது என் உறையைக் கெடுக்காம, வித்தவனக் கேளு," என்று அதட்டினேன்.

வண்ண மீன் கடைக்காரருக்கு அங்கேயே போன் போட்டார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"புது மீனைக் கொஞ்ச நாள் தனியா வச்சிருந்தீங்களா சார்?"

"இல்ல."

"சரி, போனது போகட்டும். மருந்து விடறதுக்கு முன்னால ஃபில்டர்ல இருந்து கரிய எடுத்தீங்களா?"

"என்ன கரி?"

"உள்ள ஒரு பையில கறுப்பா கரித்துண்டு இருக்கும் சார். அது இருந்தா நீங்க விடற மருந்தையெல்லாம் அது உறிஞ்சிடும். மீனுக்கு எதுவும் போய்ச் சேராது."

மாஸ்டர் போனை இறக்கினார். இருபது வருஷமாக ஒவ்வொரு புது ஆளிடமும் அவர் கத்துகிற கத்தல் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். அதே வார்த்தை இப்போது அவர் வாயிலிருந்து மெல்ல வந்தது. "ஹேண்ட்பிரேக்க எடுக்காமலே ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கேன்க்கா."

கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். கரிப்பையை எடு. மருந்தை அளந்து விடு. பிடித்து வைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதே. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, காற்றுக் குழாயை நன்றாகத் திருப்பி வை. புள்ளி உதிர்ந்தாலும் மருந்தை நிறுத்தாதே. தீனியைக் குறை. "முக்கியமா, கைய வெளிய வைங்க சார். வியாதியில பொழைச்சாலும் உங்க கவனிப்புல செத்துடும்."

மருந்து விடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மாஸ்டர் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்து தொட்டிப் பக்கம் ஓர் அடி வைத்தால் நான் என் வாசலிலிருந்து செருமுவேன். திரும்பி உட்காருவார். வாய் மட்டும் ஓயவில்லை. "பதறாதீங்க சார். மெதுவா. லெஃப்ட்ல இடம் இருக்கு. வர்றீங்க, வர்றீங்க... ஐயோ, கல்லு, கல்லு!"

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் மூலையை விட்டு வெளியே வந்தது. துடுப்பை விரித்து மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தது. வாலில் மட்டும் ஓரிரண்டு புள்ளி. மாஸ்டர் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் மாடியில் இருக்கிறவர்கள் தீ விபத்து என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டுத் தொட்டிக்குப் போனாள். வெளிர் நீலத் தண்ணீரைப் பார்த்தாள். புருஷனின் மூக்கைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"உடம்பு சரியில்லாம போயிருந்திச்சா?"

"இப்ப பரவால்ல. மருந்து இன்னும் ரெண்டு மூணு நாள் போகணும்."

"நீங்களா பாத்தீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "பாத்துட்டே இருந்தேன்," என்றார்.

அவள் தொட்டிப் பக்கம் குனிந்தாள். "எளைச்சுப் போயிட்டியேடா கண்ணு" என்று தீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டாள். இன்ஸ்பெக்டர் ஓடி வந்து விழுங்கியது. அவளுக்கு ஆசை தாங்கவில்லை. இன்னொரு சிட்டிகைக்கு டப்பாவுக்குள் விரலை விட்டாள்.

மாஸ்டர் தொட்டிக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தன. நாற்காலிக்குக் கீழே வலது கால் மட்டும், குதிகால் எழும்ப, தரையை மெதுவாக அழுத்தி மிதித்தது.