மலையில் எங்களுக்கு ஒரு பாடு

எங்கள் குப்பத்தில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் அது கடைசியில் என்னிடம்தான் வரும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க மனு, நிவாரண விண்ணப்பம், வங்கியிலிருந்து வரும் நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்வேன், பதிலும் எழுதிக் கொடுப்பேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைத் திட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. "கண்ணு இன்னாத்துக்கு வெச்சிருக்க?" என்று கேட்பேன். அப்படிப்பட்ட நான் இருபதுக்கும் மேல் பக்கங்கள் உள்ள ஆங்கில ஒப்பந்தம் ஒன்றில், ஒரு வரிகூடப் படிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். என் மனைவியையும் போட வைத்தேன். பிறகு யாரிடமும் கேட்காமல் நானே அதை ரத்து செய்தேன். ரத்து செய்த விதம்தான் கையெழுத்துப் போட்டதைவிடக் கேவலம்.

நான் எப்படி விழுந்தேன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். வலை போட நிற்பவர்களோ நிறைய. அதனால் எல்லாரும் கூடி உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் போடுவோம். இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று முறை பிரியும். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவனுடைய பாடு அவனுக்குப் பின் அவன் பிள்ளைக்குப் போகும். அவன் நாளில் அவன் இடத்தில் வேறு எவனும் வலையை நனைக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் அந்த முறையை நோட்டில் எழுதி வைக்கும் வேலையும் எனக்குத்தான்.

சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் மகளுக்குத் துணி எடுத்தபோது கூப்பன் ஒன்றை நிரப்பிப் பெட்டியில் போட்டோம். சில நாள் கழித்து போன் வந்தது. குலுக்கலில் உங்கள் சீட்டு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து பரிசை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது ஒரு பெண் குரல். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். சீட்டு விழுந்தது என்று சொன்னால் சந்தேகப்பட எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அண்ணன் தம்பி சண்டைகூடச் சீட்டு விழுந்தால் அடங்கிவிடும்.

பெரிய ஓட்டலின் குளிரூட்டிய அறை ஒன்றில் எங்களை உட்கார வைத்தார்கள். கோட்டு போட்ட பெண் ஒருத்தி, மலையில் இருக்கும் வீடுகளின் படங்களைக் காட்டினாள். "வருஷத்துல ஒரு வாரம் இந்த வீடு உங்களோடது சார். இருபத்தஞ்சு வருஷத்துக்கு. மத்த வாரம் மத்த மெம்பர்ஸ் வருவாங்க. உங்களுக்கு அப்புறம் உங்க பொண்ணுக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே நாங்கள் காலம் காலமாகச் செய்கிறோம்! பாடு என்றால் என்ன என்று அவளுக்கே நான் பாடம் எடுத்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நான் விளக்கவே தேவையில்ல சார், நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேசைக்கு அடியில் மனைவி என் சட்டையை இழுத்தாள். "வூட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வரலாம்யா" என்றாள், மெதுவாகத்தான்.

"உனக்கு இன்னா தெரியும்? கம்முனு கையெழுத்துப் போடு" என்றேன். அந்தப் பெண்ணின் எதிரிலேயே சொன்னேன். மனைவி நான் விரல் வைத்த இடங்களில் எல்லாம் போட்டாள். மகளின் காலேஜுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் அட்டையைத் தேய்த்ததும் முன்பணமாகப் போனது. மீதியை மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளவும் எழுதிக் கொடுத்தேன். பரிசு ஒரு ஃபிளாஸ்க்.

திரும்பி வரும் ரயிலில் மனைவியைச் சமாதானப்படுத்தப் பாடு கணக்கிலேயே விளக்கினேன். மீஞ்சூர் வருவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "அப்போ மலையில நமக்கு ஒரு பாடு இருக்குதுன்னு சொல்லு" என்றாள். மறுநாள் மீன் ஏலம் விடும் இடத்தில் கூடைக்காரப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். "மலையில இன்னா வலைடி போடப் போற?" என்று அவர்கள் கிண்டல் செய்ய, "குளிரைப் புடிச்சாந்து ஐஸுக்குப் பதிலா உங்க கூடையில போடறேன்" என்று இவள் சொல்ல, ஒரே சிரிப்பு. மேற்கே நெல் விளையும் ஊரில் பிறந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். எந்த மலையிலும் ஏறியதில்லை.

நான்காம் நாள், மகளுக்கு லீவு விடும் மே மாதத்தில் எங்கள் வாரம் எது என்று கேட்க போன் செய்தேன். மே மாதம் உங்கள் திட்டத்தில் வராது என்றான் ஒருவன். வேறு மாதம் என்றாலும் முன்பே கேட்க வேண்டும், அறை காலியாக இருந்தால் கிடைக்கும், போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் உண்டு என்றான். "அப்போ எங்க பாடு?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

அன்று மதியம் படகின் நிழலில் உட்கார்ந்து, போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எங்களுக்கு என்று ஒரு வாரம் அதில் எங்குமே இல்லை. காலியாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்ற உரிமைதான் இருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வழி இருந்தது. கையெழுத்திட்ட பத்து நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். எழுத்தில் சொல்ல வேண்டும், கையெழுத்திட்ட எல்லாரும் அதிலும் கையெழுத்திட வேண்டும். ஆறு நாள் மிச்சம் இருந்தது.

பொன்னேரியில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவரிடம் போகவில்லை. ஊரில் எத்தனையோ பேரை அவரிடம் அழைத்துப் போய், "படிக்காம போட்டுட்டான் சார்" என்று சிரித்திருக்கிறேன். நானே கடிதம் எழுதினேன். ஒப்பந்த எண், தேதி, எந்தப் பிரிவின்படி விலகுகிறோம், பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் பேச இடம் கொடுத்ததாகிவிடும் என்பது ஊருக்கு நான் சொல்லும் புத்திதான். என் பெயருக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மனைவியின் பெயருக்கு மேல் இடம் காலியாக இருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஏமாந்துவிட்டேன், நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை. அந்தக் கோட்டு போட்ட பெண்ணின் எதிரில் மனைவியை அதட்டியதை நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். வெளியே அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிய நீட்டினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"இன்னா தாள்யா இது? மலைக்குப் போறதுக்கா?"

"ஆமா."

"மே மாசம்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

போட்டாள். அவள் விரலில் இருந்த செதில் ஒன்று தாளில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பழவேற்காட்டுத் தபால் ஆபீசில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதனால் மீஞ்சூர் வரை போய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தைப் படம் எடுத்து மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அங்கிருந்து நேராக வங்கிக்குப் போய் மாதாந்திரப் பிடித்தத்தை நிறுத்த எழுதிக் கொடுத்தேன். பிறகு போன்கள் வரத் தொடங்கின. இதைவிடச் சின்னத் திட்டம் இருக்கிறது என்றார்கள், பணம் திரும்ப வராது என்றார்கள். எல்லாவற்றுக்கும் "எழுத்துல அனுப்புங்க" என்ற ஒரே பதிலைச் சொன்னேன். ஒருநாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "மேடம் ஆசையா இருந்தாங்களே சார், அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்றாள். போனை அணைத்துவிட்டேன். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சில வாரங்களில் பணம் கணக்குக்கு வந்துவிட்டது. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கட்டிலின்மேல் மூன்று ஸ்வெட்டர்கள் விரித்துப் போட்டிருந்தன. மீஞ்சூர் கடைத்தெருவில் வாங்கினாளாம். "உன்னோடது சரியா இருக்குதா, போட்டுப் பாருய்யா" என்றாள். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதும் சொல்லவில்லை.

அந்த மாதமே பாடு பிரிக்க ஊர் கூடியது. வலைக் கயிற்றில் கை மாட்டி விரல் உடைந்த ஒருவர், தன் பாட்டை இந்த முறை தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிதான் வந்து சொன்னான். கூடப் பிறந்தவன், பொய் சொல்ல மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். நானும் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஊர்த் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவன் பாடு. அவன் வாயால சொல்லட்டும்" என்றார். எங்கள் வழக்கம் அதுதான். வீட்டுக்கு ஆள் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு அவர் வந்து கூட்டத்தின் நடுவில் நின்று சொல்லும்வரை அத்தனை பேரும் காத்திருந்தோம். 'தன் வாயால் சொன்னார்' என்று நோட்டில் எழுதினேன். எத்தனையோ தடவை எழுதிய வரி. அன்று எழுதி முடிக்கும்போது என் காது சுட்டது. மனைவியின் பாட்டை அவளுக்கே தெரியாமல், அவள் கையாலேயே விட்டுக்கொடுக்க வைத்த நான்தான் அந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போனேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே பணம் முழுக்க வந்துவிட்டதையும் சொன்னேன், அதற்கு ஒரு பாராட்டு கிடைக்கும் என்ற நப்பாசையில்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "மல போனா போவுது. ஏமாந்தா ஏமாந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன அடிக்கவா போறேன்?" சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டே, "மே மாசம்னு எழுதிட்டியானு கேட்டேன்ல. எழுதிட்டேன்னு சொன்னியே" என்றாள்.

கூடைக்காரப் பெண்களிடம் நானே வந்து சொல்கிறேன் என்று இழுத்தேன். "நீ வர வேணாம். பொண்ணுக்கு கிளாஸ் இருக்குது, போவ முடியலனு நான் சொல்லிக்கறேன்" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எடை போடுவதில்கூடப் பொய் சொல்லாதவள், எனக்காக அத்தனை பேர் எதிரிலும் ஒரு பொய்யைச் சொன்னாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், கிண்டல்கூடச் செய்கிறாள். ஒன்றுதான் மாறிவிட்டது. நான் எந்தத் தாளை நீட்டினாலும் வாங்கி, மடிப்பைப் பிரித்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு விட்ட படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வரும். சமையல் கேஸ் புத்தகமானாலும் வங்கித் தாளானாலும் கடைசி வரி வரை படிக்கிறாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

போன வாரம் மகளின் காலேஜ் விண்ணப்பம் வந்தது. தாய் கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டப் போனேன். என் விரலை நகர்த்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். படித்து முடித்ததும் மனைவி நிமிர்ந்தாள்.

"இதுல நீ சொன்னதுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.