எலிஜியோவின் ஒற்றை விரல்

உச்சிவெயிலில் எலிஜியோ குந்தி உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் கம்பிக்கூண்டு, இடக்கையில் தோல் கையுறை. தொடைகளுக்கு நடுவே வலக்கை ஒற்றை விரலை நீட்டுகிறது. எதிரே, பந்து வீசுபவன் நிற்கவேண்டிய மண்மேட்டில் யாரும் இல்லை.

சற்றுக் காத்திருந்து மறுபடி அதே விரலை நீட்டுவார். மூன்றாம் முறை நீட்டுவதில்லை. எழுந்து, முழங்கால் சொடுக்க வீட்டுக்குப் போய், பீன்ஸ் சோறும் வாழைக்காய் வறுவலும் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்.

தொமினிக்கன் கரும்புச் சீமையில் எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பேஸ்பால் வீரர். பந்து பிடிப்பவர். எந்தப் பந்தை வீசவேண்டும் என்று விரலால் சொல்வது அவர் வேலை. அந்தப் பந்து வேண்டாமென்றால் வீசுபவன் தலையாட்டி மறுக்கலாம். மறுபடியும் மறுத்தால், பிடிப்பவர் எழுந்து மேட்டுக்குப் போய் என்ன ஏது என்று கேட்கவேண்டும், அதுதான் வழக்கம். எலிஜியோ ஒருநாளும் போனதில்லை. அவ்வளவு வீம்பு.

அவருடைய கடைசி ஆட்டத்தில், பந்து வீசியவன் ஒரே தெருவில் கூட வளர்ந்த ராமிரோ. அவன் இருமுறை மறுத்தான். மூன்றாவது முறையும் அதே விரல். வீசினான். மட்டையில் பட்ட பந்து திரும்பி வந்து அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. பிழைக்கவில்லை.

பத்திரிகைக்காரர்கள் இன்றும் வந்து வாழ்க்கைப் பாடம் கேட்கிறார்கள். "பாடமா? அவன் வேணாம்னான். நான் பாக்காம இல்லய்யா, பாத்தேன்" என்பார். அதை யாரும் அச்சில் போடுவதில்லை.

மைதானத்து வேலியோரம் ஐஸ் வண்டி வைத்திருக்கிறேன். ஆடுகள் எங்கும் மேயும், மேட்டுப் பக்கம் மட்டும் போகாது. ராத்திரி மழை கொட்டினாலும், வீசுபவன் காலால் கீறும் குழி காலையில் புதிதாக இருக்கும்.

நேற்று கேட்டேவிட்டேன். "அண்ணே, இன்னமும் வேணாங்கறானா?"

"உன் வேலையப் பாருடா, ஐஸ்காரா." பிறகு அவரே, "ஆமா. தெனம் ரெண்டு தடவ."

"மூணாவது தடவ காட்டிப் பாக்குறதுதானே?"

"காட்டினா வீசிடுவான்டா!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்ப எழுந்து போய்க் கேளுங்க. செத்தவங்கிட்டயுமா வீம்பு?"

அவர் கம்பிக்கூண்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நடந்தார். மேட்டடியில் நின்று, எதிரணி உதட்டைப் பார்த்துவிடாதபடி ஆட்டக்காரர்கள் செய்வதுபோல, கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு அண்ணாந்து ஏதோ கேட்டார். காதைச் சாய்த்தார். பிறகு மெல்ல, சரி சரி என்று தலையசைத்தார்.