ஆட்டுக்கு நோன்பில்லை

சுனாமி எங்கள் கரையோர வீட்டையும் வீட்டுக்காரரின் வள்ளத்தையும் ஒரே காலையில் கொண்டுபோனது. பிறகு வயற்பக்கமாக வீட்டுத்திட்டத்தில் குடியேறினோம். உதவிக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு கறவை ஆடு கொடுத்தார்கள். பலருக்கு ஆட்டைக் கட்ட இடமில்லை, இடம் இருந்தவர்களுக்கு மனமில்லை. எங்களுடையது மூலை வளவு, பின்னால் வாய்க்கால். "எனக்கிட்ட விடுங்க, பங்குக்கு வளப்பம்" என்றேன். ஆடு அவர்களுடையது, தீனியும் பாடும் என்னுடையது. பாலில் பாதி அவர்களுக்கு, பாதி எனக்கு.

சிரித்தார்கள். ஆட்டுப் பால் வாடை வருமாம்! கிடாவைக் கறவை ஆட்டோடு சேர்த்துக் கட்டினால் வரத்தான் செய்யும். நான் பட்டிக்கென்று பிடித்த நாட்டுக் கிடாவை வளவின் மறு கோடியில் கட்டினேன். கொஞ்ச நாளில் சிரித்த வாய்களே தேத்தண்ணிக்குப் பால் கேட்டு வேலியில் நின்றன.

யுத்தம் முடிந்த வருடம் எனக்கும் விடிந்தது. பயமில்லாமல் தமிழ் ஊரான தம்பிலுவில் வரை போய் நல்ல சாதிக் கிடா ஒன்று வாங்கினேன். சந்தோசத்தில் அதைப் பஸ்ஸில் ஏற்றப் பார்த்து, கண்டக்டரிடம் நன்றாக ஏச்சும் வாங்கினேன்.

அந்த வருட நோன்பில்தான் வில்லங்கம் வந்தது. பகலில் யார் பால் குடிக்கப் போகிறார்கள்? காலைக் கறவை வேண்டாம், அஸர் தொழுகைக்குப் பிறகு மொத்தமாகக் கறந்து நோன்பு துறக்கத் தாருங்கள் என்று பங்காளிகள் கூடி வந்து சொன்னார்கள். முன்னால் நின்றவர் கறுத்த ஆட்டின் சொந்தக்காரரான ஹாஜியார். சுனாமிக்கு முன் பெரிய கடை வைத்திருந்தவர். கடையைக் கொண்டுபோன கடல் அந்த முதலாளிக் குரலை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"ஆட்டுக்கு நோம்பில்ல, ஹாஜியார்" என்றேன்.

"ஆடு எங்கட ஆடு புள்ள. சொன்னதச் செய்யுங்க."

செய்தேன். இரண்டு நாளில் கறுத்த ஆட்டின் மடி கல்லாய்க் கட்டிவிட்டது. தொட்டால் கத்தியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சி இறக்கினேன். பிறகு யாரையும் கேட்கவில்லை. பழையபடி சுபஹுத் தொழுகைக்குப் பின் கறந்து, காய்ச்சி வைத்து, பின்னேரப் பாலோடு சேர்த்துக் கொடுத்தேன்.

ஹாஜியாருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கும் கொம்பு சீவிவிட்டு, ஒரு பின்னேரம் கயிற்றோடு வந்துவிட்டார். பங்காளிகள் வேலியோரம் நின்றார்கள். அவர் அவிழ்த்தால் அவர்களும் அவிழ்ப்பார்கள். என் பட்டி அன்றோடு காலி.

"வாயில்லாச் சீவனப் போட்டு என்ன பாடு படுத்தியிரிக்கீங்க" என்றார். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான்.

"கொண்டு போங்க. போக முதல் ஒருக்காக் கறந்து பாருங்க. நாளைக்கு நீங்கதானே கறக்கணும்?" என்று சட்டியை நீட்டினேன்.

அத்தனை பேர் பார்க்கப் பின்வாங்க முடியுமா? சாரனைத் தூக்கிக் கட்டிக் குந்தினார். காம்பைப் பிடித்து இழுத்தார். ஒரு சொட்டு வரவில்லை. ஆடு காலைத் தூக்கிச் சட்டிக்குள் வைத்து, அப்படியே நின்றது. வேலியோரம் சிரிப்பு வெடித்தது.

அவரைத் தேடி வந்த அவருடைய பெண்சாதியும் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. சீதனமாய் வந்தாலும் சரி, சுனாமிக்குக் கிடைத்தாலும் சரி, புருசன் அங்கே குடியிருப்பவர்தான்.

"எங்க கொண்டு போகப் போறீங்க?" என்று அந்த மனுசி கேட்டார். "ஊடு என்ட ஊடு. என்ட வளவுக்க இந்த ஆடு வராது. எனக்குப் பால் வந்தாப் போதும்."

ஹாஜியார் எழும்பிச் சாரனைத் தட்டினார். வேலியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் சட்டியைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் முன்னாலேயே குந்தி, கறுத்த ஆட்டைக் கறந்தேன். பால் நுரைத்துக்கொண்டு ஏறியது. அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

அவர் இன்னும் போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு எத்தின மணிக்குப் புள்ள கறப்பீங்க?"

"ஆடு சொல்லுற நேரத்துக்கு, ஹாஜியார்."

"ஓம்" என்று தலையாட்டினார்.